ஐந்து பேர் வகுப்பு

அவித்த வேர்க்கடலை வாசனை பட்டாலே இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்ரீரங்கத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் 'சயின்ஸ் ரூம்' கதவு மாலை நாலேகால் மணிக்குச் சாத்தப்பட்டதும், இடுக்கு வழியாக முதலில் அந்த வாசனை வரும். அதன் பின்னாலேயே ஐந்து பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வரும். நான் வெளியே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஏற்கெனவே அடுக்கிய புத்தகங்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குப் போகவும் மனம் வராது, கதவைத் தட்டவும் துணிவு வராது. கணக்குப் போடுகிற இடத்தில் அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குள் பொருமுவேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்பை அப்போது 'மூணாம் பாரம்' என்பார்கள். எங்கள் மூணாம் பாரத்தில் நாற்பத்திரண்டு பெண்கள். அவர்களில் முதல் ரேங்க் நான், கிளாஸ் லீடர் நான், யாராவது பெரிய மனிதர்கள் பள்ளிக்கு வந்தால் மாலையை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பெருமையில்தான் அடி விழுந்தது.

கணக்கு டீச்சரின் பெயர் மரகதம். துறையூர்க்காரர். உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவரைப் போலத்தான் எப்போதும் நடப்பார். அவருக்கு ஒரு குறை இருந்தது. அதைத் தலைமையாசிரியை அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது வருகைப் பதிவேட்டை வைக்கப் போன நானும் கேட்டேன். "புரியாத பிள்ளைக்கு நாலு தடவை சொல்லித் தரேங்கம்மா, அது என் கடமை. அதுவரைக்கும் புரிஞ்ச பிள்ளை என்ன பண்ணும்? ஜன்னல் வழியா காக்காயைப் பாத்துக்கிட்டிருக்கும். வருஷம் பூரா காக்கா பாத்துச்சுன்னா, கடைசில அது காக்கா பாக்கத்தான் கத்துக்கிட்டிருக்கும்" என்றார். பள்ளி விட்ட பிறகு ஒன்றரை மணி நேரம், கணக்கில் நன்றாக ஓடக்கூடிய பிள்ளைகள் சிலரை மட்டும் வைத்து ஒரு வகுப்பு நடத்திக்கொள்ள அனுமதி கேட்டார். அதற்கென்று அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. தலைமையாசிரியை அம்மா, "உங்க உடம்பு, உங்க இஷ்டம்" என்று சொல்லி சயின்ஸ் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த வகுப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூணாம் பாரம் முடிகிறபோது மாவட்டம் முழுவதற்கும் ஒரு ஸ்காலர்ஷிப் பரீட்சை நடக்கும். அதில் தேறுகிறவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை ஒருத்திகூடத் தேறியதில்லை.

ஓடக்கூடிய பிள்ளை என்றதும் நான் வேறு யாரை நினைத்திருப்பேன்? அன்று இரவே அம்மாவிடம், இனிமேல் நான் வீட்டுக்கு வர நேரமாகும் என்று சொல்லியும்விட்டேன்.

மறுநாள் டீச்சர் எல்லோருக்கும் கால் தாள் கிழித்துக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொள்ளிடம் ரயில் பாலத்துல எத்தனை தூண் இருக்கு? ஒண்ணொண்ணா எண்ணக் கூடாது. எண்ணாம எப்படிக் கண்டுபிடிப்பே, எழுது." எனக்குச் சிரிப்பு வந்தது. பொது அறிவுப் புத்தகம் ஒன்றை நான் அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடம் செய்திருந்தேன். அதில் அந்தப் பாலமும் இருந்தது. தூண்களின் எண்ணிக்கையை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, முதல் ஆளாகக் கொடுத்தேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பவுனாம்பாள். எல்லோருக்கும் பவுனு. லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம். தினமும் காலை பாசஞ்சரில் தயிர்க்காரம்மாக்களோடு வந்து இறங்குவாள். அப்பா இல்லை, அண்ணன் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் எட்டாவதோடு சரி என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ரேங்க் பதினொன்று, பன்னிரண்டு என்று அலையும். அவள் கடைசி வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். காலை வண்டியில் வரும்போது பாலத்துத் தூண்களின் நிழல் மணலில் விழும், ஒரு நிழலுக்கும் அடுத்த நிழலுக்கும் நடுவில் சக்கரம் எத்தனை 'தடக்' போடுகிறது என்று தெரிந்தால், பாலம் முழுவதற்கும் கேட்கிற தடக்கை அதனால் வகுத்தால் போதும், ஆனால் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை, இன்றைக்கும் நாளைக்கும் எண்ணிவிட்டுச் சொல்கிறேன் டீச்சர், என்று எழுதியிருந்தாள். விடை என்று ஒரு எண்கூட அந்தத் தாளில் கிடையாது.

திங்கட்கிழமை டீச்சர் ஐந்து பெயர்களை வாசித்தார். முதல் பெயர் பவுனாம்பாள். நான் ஐந்து பேரில் இல்லை.

ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து டீச்சரின் மேஜைக்கே போய், "டீச்சர், என் விடை சரிதானே?" என்று கேட்டேன். "சரிதான் வசந்தா. ஆனா நான் விடையைக் கேக்கலையே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அன்பாகச் சொன்னார். வீட்டில் போய் அழுதபோது அம்மாவுக்கு விஷயமே விளங்கவில்லை. "ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குறவளுக்கு எதுக்குடி தனி கிளாஸ்? அதுங்க மக்குங்க, கூப்பிட்டு வெச்சு சொல்லித் தராங்க போல" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை நம்ப ஆசைதான். ஆனால் மக்குகளுக்கு யாரும் வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

அதன் பிறகு ஐந்து வாரம் நான் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பீர்கள். பவுனுவின் நோட்டில் புதிதாக ஏதாவது படம் போட்டிருக்கிறாளா என்று அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போது புரட்டிப் பார்ப்பேன். பார்த்தாலும் ஒன்றும் புரியாது. வட்டத்துக்குள் வட்டம், எறும்பு போகிற பாதை, கட்டம் கட்டமாக ஏதோ. கேட்டால் அவள் ஒளிக்காமல் சொல்லத் தொடங்குவாள்; அது இன்னும் எரிச்சல். "இதுல எது சரின்னு டீச்சருக்கே தெரியாதாம்டி, யோசிச்சுக்கிட்டிருக்காங்க" என்று ஒருநாள் கண் விரியச் சொன்னாள். டீச்சருக்குத் தெரியாததை இவள் யோசிப்பதா! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவள் ஜடையில் பெருமை தெரிகிறது, நடையில் திமிர் வந்துவிட்டது என்று மற்ற பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

என்னைக் கவிழ்த்தது ஸ்டேஷனில் பார்த்த காட்சிதான். வகுப்பு முடிவதற்குள் பவுனுவின் வழக்கமான ஐந்து மணி வண்டி போய்விடும்; அடுத்தது ஏழு மணிக்குத்தான். "டீச்சரே பொறுக்கி எடுத்த பிள்ளை, ஸ்காலர்ஷிப்புக்குப் படிக்குது" என்றுதான் அவள் அண்ணன் அந்த வண்டிக்குச் சம்மதித்திருந்தார். ஒரு மாலை ஊருக்குப் போகிற மாமாவை வழியனுப்ப அப்பாவோடு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரக் கோடியில் மரகதம் டீச்சரும் பவுனுவும் சப்பணமிட்டு உட்கார்ந்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பவுனு ஏதோ சொல்ல, டீச்சர் தன் கோட்டைத் தன் கையாலேயே அழித்துவிட்டு அவள் கோட்டை வைத்துக்கொண்டார். வண்டி வந்து, அவள் ஏறி, பச்சைக் கொடி ஆடி, வண்டி கொள்ளிடத்துப் பக்கம் நகர்கிற வரைக்கும் அவர் நின்றிருந்தார். எனக்காக அப்படி ஒருவரும் நின்றதில்லை. என் அம்மாவும் அப்பாவும் நின்றிருப்பார்கள்தான், ஆனால் பெற்றவர்கள் நிற்பது கணக்கில் சேர்த்தியா?

என் அப்பாவின் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும். திருச்சியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதித் தருகிறவர் அவர். வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தொழில் பேச்சுதான். "மனுவுல கோபம் தெரியக் கூடாது, வருத்தம் மட்டுந்தான் தெரியணும்" என்பார். "நிச்சயமா தெரியாத சங்கதியை விட்டுடக் கூடாது. 'கேள்விப்படுகிறோம்'னு போட்டுட்டா போதும். மேலே இருக்கிறவங்க பாத்துப்பாங்க" என்பார். நான் அவர் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் தூங்குகிற நேரத்தில், அப்பா மனு எழுதுகிற முழுத் தாளில், இடது கையால், பெண்கள் பள்ளிகளுக்கான இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினேன். 'மேலான சமூகத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது' என்று அப்பாவின் மனு பாணியிலேயே தொடங்கி, சர்க்கார் பள்ளியின் சர்க்கார் அறையில் ஐந்து பேருக்கு மட்டும் பாடம் நடப்பதையும், மற்ற முப்பத்தேழு பேரும் அதே வரி கட்டுகிற பெற்றோரின் பிள்ளைகளே என்பதையும், அந்த ஐவருக்குத் தின்பண்டம்கூட வழங்கப்படுவதையும் வருத்தத்தோடு தெரிவித்தேன். எல்லாம் உண்மை. பிறகு, தமக்கு வேண்டிய வீட்டுப் பிள்ளைகளையே டீச்சர் தேர்ந்தெடுப்பதாகக் கேள்விப்படுகிறோம் என்று ஒரு வரி சேர்த்தேன். அது பொய். இப்படிக்கு, பெற்றோர்கள் என்று முடித்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நானும் படுத்துத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

பத்து நாளில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்காரவைத்திருந்தார்கள், மாலைத் தட்டோடு. உள்ளே பேசியதெல்லாம் கேட்டது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா ஒன்றும் கெட்டவர் இல்லை. "நீங்க செய்றது தப்புன்னு சொல்லலைம்மா. எல்லாருக்கும் இல்லாதது அஞ்சு பேருக்கு எதுக்குன்னு கேட்டா, நான் என்னன்னு பதில் எழுதறது?" என்றார். அதற்கு மரகதம் டீச்சர், "பின்தங்குன பிள்ளையைத் தனியா கூப்பிட்டு வெச்சு சொல்லித் தந்தா யாரும் ஏன்னு கேக்கறதில்லைங்க. வேகமா போற பிள்ளைக்கு வழி விட்டா மட்டும் கேக்கறாங்க. அந்தப் பிள்ளையும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானுங்களே?" என்றார். முடிவில் உத்தரவு இதுதான்: வகுப்பு நடத்துவதானால் மூணாம் பாரம் முழுவதற்கும் நடத்த வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். டீச்சர் நிறுத்தவில்லை. எல்லோரும் வரலாம் என்று மறுநாள் அறிவித்தார்.

அந்தக் கதவு எனக்குத் திறந்தது. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் முப்பத்தைந்து பேர் வந்தார்கள். சோதனைக்கு அடுப்பு வைக்கிற மேடையிலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வேர்க்கடலை ஆளுக்கு மூன்று வந்தது, மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. எறும்பின் பாதையும் வட்டத்துக்குள் வட்டமும் போய், லாப நஷ்டமும் வட்டியும் வந்தன. பாதிப் பேருக்குப் புரியவில்லை. டீச்சர் நாலு தடவை சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி விடை சொன்னேன். "சரி" என்றார் டீச்சர். ஒவ்வொரு முறையும் அதே "சரி". சிரிப்பு மட்டும் அந்த அறையில் பிறகு கேட்கவே இல்லை.

இரண்டாவது வாரம் பவுனுவைக் காணோம். காலையில் வந்தாள், பள்ளி விட்டதும் ஐந்து மணி வண்டிக்கு ஓடினாள். ஏன் என்று கேட்டேன். "பொறுக்கி எடுத்த பிள்ளைன்னுதானே ஏழு மணி வண்டிக்கு விட்டாங்க. இப்ப எல்லாரும் படிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் அண்ணன், 'எல்லாரும் படிக்கிற படிப்புக்கு நீ எதுக்கு இருட்டுல வரணும், நேரத்தோட வந்து சேரு'ன்னுட்டாங்க" என்றாள். டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்குடி வரைக்கும் போய் அவள் அண்ணனிடம் பேசிப் பார்த்தாராம். காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்களாம். நாற்பத்திரண்டு பேருக்கும் திறந்த வகுப்பில், வர ஆசைப்பட்டும் வர முடியாமல் போனவள் அவள் ஒருத்திதான்.

இதற்கிடையில் அந்தக் கடிதாசியின் நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட தலைமையாசிரியை அம்மா, மனு எழுதுகிற தொழில்காரர் யார் கையாக இருக்கும் என்று விசாரிக்க என் அப்பாவையே கூப்பிட்டனுப்பினார். அப்பா போய்ப் படித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல், "நல்லா எழுதியிருக்காங்க. கோபமே தெரியலை" என்றார். சாப்பிட்டு எழுந்ததும் முழுத் தாள் கட்டைப் பரண்மேல் தூக்கி வைத்தார். அதன் பிறகு என்னிடம் அவர் பிரதி எடுக்கச் சொல்லவில்லை.

பரீட்சை வந்தது. எங்கள் பள்ளியில் ஒரே ஒருத்தி தேறினாள். நான்தான். பவுனு சில மதிப்பெண்களில் தவறிவிட்டாள் என்றார்கள். கூப்பிட்டு வாழ்த்திய மரகதம் டீச்சர், "நல்லா படி வசந்தா" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். மனப்பூர்வமாகத்தான் வைத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். வழக்கமான மாற்றலா, என் கடிதாசியால் வந்த மாற்றலா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. பவுனு பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

அந்த ஸ்காலர்ஷிப்பில் படித்து நானும் கணக்கு டீச்சர்தான் ஆனேன். முப்பத்துமூன்று வருஷம் சர்க்கார் பள்ளிகளில் வேலை பார்த்தேன். என் வகுப்புகளிலும் காக்காய் பார்க்கிற பிள்ளைகள் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருத்தியாவது இருப்பாள். அவர்களைக் கூப்பிட்டுத் தனியாக உட்காரவைத்ததில்லை. எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒன்று என்று மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உண்மையில் எனக்குப் பயம். எந்த வீட்டில் எந்தப் பெண் முழுத் தாளை எடுத்துக்கொண்டு உட்காருவாளோ என்ற பயம். இப்போது அதே ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பெண் டீச்சராக வந்து, மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஏதேதோ செய்கிறாள். யாரோ புகார் செய்திருக்கிறார்கள் என்று என்னிடம் வந்தாள். ஆதரவாக ஒரு கடிதம் எழுதி, முதல்முறையாக அடியில் என் முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். மேலே யாராவது அதைப் படித்தார்களா என்று தெரியவில்லை.

சயின்ஸ் ரூம் இருந்த கட்டடத்தை இடித்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த ஐந்து மணி வண்டியும் இல்லை, ஏழு மணி வண்டியும் இல்லை. வேறு வண்டிகள் வேறு நேரங்களில் ஓடுகின்றன. போன தை மாதம் லால்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தி நடக்கிற இடத்தில் ஒரு கிழவி நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு பந்தி, கடைசிப் பந்தியில பதினாலு எலை காலியா இருக்கும், சாதம் வடிக்கிறதை நிறுத்துங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பவுனு. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து கடைசிப் பந்தியின் காலி இலைகளை எண்ணினேன். பதின்மூன்று. ஒன்று தவறியதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், எழுபது வயதுக்கு மேல், அதை எங்கே போய்ச் சொல்ல!

அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கப்பட்டுத்தான் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடது கை, முழுத் தாள், 'கேள்விப்படுகிறோம்', ஒன்றும் விடவில்லை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அது கெடக்கு, சின்ன வயசு" என்றாள். பிறகு வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் முழங்காலைத் தொட்டாள்.

"நான் நின்னதுக்கப்புறமும் நீ போனேல்ல? அப்புறம் டீச்சர் என்னென்ன கணக்குப் போட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

யோசித்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். மேளக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இன்னும் யோசித்தேன். ஒரு கணக்குகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.